வெகுளியும் செல்லிடமும்

மனிதன் மனிதனை ஏன் அடிக்கிறான் என்னும் வினாவிற்குத் தோட்டத்து அலுவலகங்களில் நெடுங்காலமாக ஒரே விடைதான் வழங்கி வந்திருக்கிறது. 'குடி' என்பதே அது. லயத்தில் அடிதடி நேர்ந்த மறுநாட் காலை, பிரட்டு முடிந்ததும் கிராணி புத்தகத்தைத் திறந்து அவ்வொரு சொல்லை எழுதி மூடிவிடுவார். நாமும் அவ்வாறு எழுதியவர்களே. பண்டார் பாருவைச் சூழ்ந்த தோட்டங்களில் அதனை மறுத்துக் கேட்டவர் எவரையும் நாம் கண்டதில்லை.

இவ்விடையின் பொய்ம்மையைக் கெடா மாநிலமே ஒருமுறை வெளிப்படுத்திற்று. 1947-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர், தொண்டர் படை என்னும் பெயரால் ஒன்றுகூடிக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். பிப்ரவரி இறுதியில் அவர்களுக்கும் காவலருக்கும் கைகலப்பு மூண்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் காவலர் சுட்டதில் மற்றொருவர் மாண்டார். குடித்தவனே சண்டையிடுகிறான் என்பது விதியானால், குடியை ஒழிக்கப் புறப்பட்டவன் ஏன் காவலரோடு மோதினான்? உடனே விடை மாறிற்று. 'கிளர்ச்சிக்காரர் தூண்டுதல்' என்றனர். கூலிக்காரனுக்குத் தனக்கென ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பது மட்டும் மேலிடத்தாருக்கு எளிதில் தோன்றவில்லை.

மேனாட்டு மனோதத்துவர் இதனினும் ஆழ்ந்து சென்றனர் என்பதில் ஐயமில்லை. போரைத் தடுக்க வழியுண்டா என்று 1932-ல் ஐன்ஸ்டைன் வினவியபோது, அழிக்கும் உந்துதல் ஒன்று மனிதனுள் பிறவியிலேயே உறைகிறதென்று ஃபிராய்டு விடையெழுதினார். (சட்டமும் வன்மையிலிருந்து பிறந்ததே என்று அக்கடிதத்தில் அவர் காட்டும் பகுதி நம் மதிப்பில் மேலானது, அதனை எடுத்தோதுவார் குறைவு.) 1939-ல் யேல் பல்கலைக்கழகத்து டொலார்ட் முதலிய ஐவர், விரும்பியது தடைப்படுதலே தாக்குதலின் தாய் என்றனர். தடை எப்போதும் தாக்குதலாகவே முடிவதில்லை என்று அவருள் ஒருவரான மில்லரே 1941-ல் திருத்த நேர்ந்தது. திருத்தம் தக்கதே. 1930-க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி குறைந்தது. பல்லாயிரவர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். தோட்டங்களிலோ பெருங்கலகம் எழவில்லை. தடை இருந்தது, தாக்குதல் எங்கே போயிற்று?

இவ்விடத்தில் தொல்காப்பியரை நாடுவது பழம்பெருமை பேசும் ஆசையாலன்று. அந்நோயில் நம்மவர் வேண்டுமளவு உழல்கின்றனர். மெய்ப்பாட்டியலில் அவர் வெகுளி பிறக்கும் களன்களை நான்காக வகுக்கிறார்: உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொல்லுதல். இவற்றுள் ஒன்றேனும் சினப்பவனின் இரத்தத்திலோ இனத்திலோ இல்லை என்பதைக் காண்க. நான்கும் பிறர் அவனுக்குச் செய்பவை. அலைத்தலுக்குக் கோல்கொண்டு அடித்தலைப் பேராசிரியர் எடுத்துக்காட்டுகிறார். கொலைக்கு அவர் கூறும் உரையே நம்மைத் தடுத்து நிறுத்தியது. ஒருவனது அறிவையும் புகழையும் சொல்லாற் கொல்லுதல் என்பது அவ்வுரை. பிரம்பு மறைந்த பின்னரும் இக்கொலை அலுவலகச் சன்னலருகே நடந்து வந்திருக்கிறது. சம்பள நாளில் கணக்குக் கேட்டவனை, 'உனக்கென்ன கணக்குத் தெரியும்?' என்று நாலு பேர் முன்னிலையில் திருப்பியனுப்பியது எத்தனை முறை! கேட்டவன் வாய் திறவாது போனான். அந்தியில் அவன் வீட்டிலிருந்து அடிவிழும் ஓசை வந்தது. மறுநாள் புத்தகத்தில் 'குடி'.

சினம் எங்குப் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் சொன்னார். எங்கே போய் விழுகிறது என்பதைச் சொல்லவில்லை. இலக்கண நூலுக்கு அது வேலையுமன்று. அக்குறையை வள்ளுவரிடம் நிரப்பிக்கொள்ளலாம். செல்லிடம் என்றும் செல்லாவிடம் என்றும் அவர் பிரித்ததை அருகில் வைத்துப் படித்தால், சினம் இடம்பெயர்ந்து எளியார்மேற் பாயும் என்று யேல் ஐவர் கூறியது நமக்குப் புதிதாகத் தோன்றாது. துரையிடம் செல்லாத சினம் மனைவியிடம் செல்லும், அவளிடமிருந்து பிள்ளையிடம். செல்லாவிடத்துச் சினமும் தீதென்றே வள்ளுவர் சொல்கிறார், உண்மை. ஆயினும் சினத்தைக் காப்பவன் என்னும் பெயரைச் செல்லிடத்துக் காப்பவனுக்கே அவர் அளித்தார். நம் கோயில் மண்டபங்களில் வெகுளாமை அதிகாரம் பிரசங்கிக்கப்படுவதோ கூலிக்காரனுக்கு. அதிகாரம் உடையவர்களை முன்வரிசை நாற்காலிகளில் இருத்திவிட்டு! மனோதத்துவம் கற்றுவரும் நம் இளைஞருட் சிலரும், பெயரை மட்டும் மாற்றி, இப்பிரசங்கத்தையே செய்கின்றனர்.

மனைவியை அடித்தவனை மன்னித்துவிடுக என்று நாம் கூற வரவில்லை. அவன் பட்ட அலைத்தலெல்லாம் அவளும் பட்டவளே. அவனது கையால் மேலும் பட்டவள். அவளுடைய வெகுளியைக் குறிக்க நம் புத்தகத்தில் ஒரு கட்டமும் இருந்ததில்லை.

இன்று பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிந்தன. குலை வெட்ட வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் வந்திருக்கின்றனர். சென்ற திங்கள் சம்பள நாளில் அவருள் ஒருவர் சன்னலருகே வந்து, தாளைக் காட்டிக் கணக்குக் கேட்டார். உள்ளிருந்து விடை கூறியவர் தமிழர். சொல்லும் பழைய சொல்லே. மலாய் மொழியில் இருந்தது, அவ்வளவுதான்.