புழுவுக்கு வயிறு வலித்தது ஏன்?
வசந்தகால வகுப்பறைக் கதைநூல் ஒன்றைத் திறனாய்ந்து பார்ப்போம்



அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் மார்ச் மாதம் பிறந்தால் வகுப்பறைச் சுவரின் கோலமே மாறிவிடும். பனிமனிதன் படங்கள் இறங்கும். பூ, பறவைக்கூடு, வண்ணத்துப்பூச்சி படங்கள் ஏறும். சன்னலோரத்தில் குவளைக்குள் அவரை விதை முளைக்கும். மேசைமேல் வலைக்கூண்டில் புழு வளரும். ஏப்ரல் 22-இல் புவி நாள், அம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மரநடு நாள் என்று வரிசையாக நடவடிக்கைகள் இருக்கும்.

இந்த வசந்தகால நடவடிக்கைகளோடு சேர்த்து மிகப் பரவலாக வாசிக்கப்படும் கதைநூல் ஒன்று உண்டு. எரிக் கார்ல் எழுதி, வரைந்து, 1969-இல் வெளிவந்த 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' என்னும் நூல்தான் அது. இங்கே நாம் அதைப் 'பசித்த புழு' என்றே அழைப்போம். அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்துவிட்டது. வடகோளத்தில் வசந்தம் தொடங்கும் மார்ச் 20-ஐ இந்த நூலுக்குரிய நாளாகவே பதிப்பகம் கொண்டாடுகிறது.

நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் இந்நூல் கிடைக்கிறது. நூலோடு சேர்ந்து இணையத்திலிருந்து பயிற்சித்தாள்களும் வந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, முட்டை முதல் வண்ணத்துப்பூச்சி வரை படங்களை வெட்டி ஒட்டும் வாழ்க்கைச் சுழற்சி. மற்றொன்று, நல்ல உணவு எது, கெட்ட உணவு எது என்று பிரிக்கும் அட்டவணை. இந்த இரண்டு வாசிப்பையும் கதை தாங்குமா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கதையில் உள்ளது என்ன?

முதலில் கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். நிலவொளியில் ஓர் இலைமேல் சின்ன முட்டை ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலை வெயில் வந்ததும் முட்டையிலிருந்து புழு வெளிவருகிறது. உணவு தேடிப் புறப்படுகிறது. திங்கள் 1 ஆப்பிள், செவ்வாய் 2 பேரிக்காய், புதன் 3 பிளம்ஸ், வியாழன் 4 ஸ்ட்ராபெரி, வெள்ளி 5 ஆரஞ்சு. ஒவ்வொரு நாள் முடிவிலும் அதற்குப் பசி தீரவில்லை. சனிக்கிழமை சாக்லேட் கேக், ஐஸ்கிரீம், சீஸ், சாசேஜ் என்று 10 வகை உணவைத் துளைத்துத் தின்கிறது. இரவில் வயிற்று வலி. மறுநாள் மீண்டும் ஞாயிறு. ஒரு பச்சை இலையைத் தின்கிறது, உடம்பு தேறுகிறது, பசியும் போய்விடுகிறது. பெரிய புழுவாகிக் கூடு கட்டி, இரண்டு வாரத்துக்கும் மேலாக உள்ளே இருந்து, அழகிய வண்ணத்துப்பூச்சியாக வெளியே வருகிறது.

அவ்வளவுதான் கதை. திங்கள் முதல் வெள்ளி வரையிலான பக்கங்கள் ஒன்றைவிட ஒன்று அகலமாகிக்கொண்டே போகும். பழத்தின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகும். புழு தின்ற இடத்தில் தாளிலேயே உண்மையான ஓட்டை இருக்கும். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகூட விரலை விட்டுப் பார்த்துக் கணக்கைப் புரிந்துகொள்ளும். நூலின் பெரிய வெற்றி இந்த அமைப்பில் இருக்கிறது.

படிப்பினை என்னும் பழக்கம்

இக்கதையைச் சொல்லிவிட்டு, "இக்கதையின் படிப்பினை யாது?" என்று நம் பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாருங்கள். "அளவுக்கு மீறி உண்ணக்கூடாது", "ஆரோக்கியமான உணவை உண்ண வேண்டும்" என்ற இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் வரும். பல ஆசிரியர்களும் சரி என்று குறியிட்டுவிடுவார்கள். சொல்லப்போனால், பிள்ளை இந்த விடையைக் கதையைக் கேட்பதற்கு முன்னாலேயே கையில் வைத்திருக்கிறது. உணவு வரும் எந்தக் கதைக்கும் அது பொருந்திவிடும்.

கதையோடு வைத்துப் பார்த்தால் அந்த விடை நிற்கிறதா? பழம் நல்லது, கேக் கெட்டது என்பதுதான் கதை சொல்ல வந்தது என்றால், ஐந்து நாளும் பழமாகவே தின்ற புழுவுக்குப் பசி ஏன் தீரவில்லை? சனிக்கிழமைப் பட்டியலில் தர்பூசணித் துண்டும் இருக்கிறதே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இரண்டு கட்டம் போட்ட பயிற்சித்தாளில் தர்பூசணி எப்போதும் இடிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நிறையத் தின்றது தவறு என்றால் கதை புழுவைத் தண்டித்திருக்க வேண்டும். ஒரு ராத்திரி வயிறு வலித்ததோடு சரி. பிறகு, பெருத்த அந்தப் புழுவுக்குத்தான் சிறகு கிடைக்கிறது. தின்றதால்தான் அது வளர்ந்தது. வளர்ந்ததால்தான் மாற முடிந்தது. உண்மைப் புழுக்களின் நிலையும் அதுவே. புழுப் பருவத்தின் வேலையே தின்று வளர்வதுதான்.

தேர்வு எழுதும் மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். "புழுவுக்கு ஏன் வயிறு வலித்தது?" என்று கேட்டால், "ஒரே நாளில் பலவகை உணவை அதிகமாக உண்டதால்" என்பது சரியான விடை. அது ஒரு நிகழ்வின் காரணம். அதையே தூக்கிக் கதை முழுவதற்கும் கருப்பொருளாக எழுதினால் விடை நொண்டும். ஒரு காட்சியின் காரணம் வேறு, கதையின் கருப்பொருள் வேறு. கருத்துணர்தலில் பலர் புள்ளியை இழக்கும் இடம் இது.

நூலாசிரியரே சொன்னாரா?

2021 மே மாதம் எரிக் கார்ல் மறைந்தபோது ஒரு செய்தி வேகமாகப் பரவியது. வயிற்று வலிக் காட்சியை அவர் விரும்பவே இல்லை, பதிப்பாளர்தான் அறிவுரை வேண்டும் என்று திணித்தார், அதை எதிர்த்து அவர் சண்டை போட்டார் என்று அவரே ஒரு நேர்காணலில் சொன்னதாக அச்செய்தி கூறியது. செய்தி நிறுவனங்கள் சிலவும் அதை எடுத்துப் போட்டன. உண்மை என்ன? 'தி பாரிஸ் ரிவ்யூ' என்ற இலக்கிய இதழ் 2015 ஏப்ரல் முதல் நாளுக்காக வெளியிட்ட நகைச்சுவைப் போலி நேர்காணல் அது. பின்னர்த் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

நமக்கு இதில் இரண்டு பாடம் உண்டு. ஆசிரியர் கூற்று என்று ஒன்றை மேற்கோள் காட்டுமுன் அது எங்கே, எப்போது வந்தது என்று பாருங்கள். அடுத்து, இந்தப் போலிச் செய்தியை அத்தனை பேர் ஏன் உடனே நம்பினார்கள் என்று யோசியுங்கள். அந்தக் காட்சியில் அறிவுரை வாடை அடிப்பதாகப் பலருக்கும் உறுத்தல் இருந்திருக்கிறது. அந்த உறுத்தலுக்கு விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தேட ஆசிரியரின் வாய்மொழி நமக்குத் தேவையில்லை.

இலையைப் பாருங்கள்

கதையின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். முட்டை எங்கே இருந்தது? இலைமேல். புழு பிறந்ததும் என்ன செய்தது? உணவு தேடிப் புறப்பட்டது. தான் பிறந்த இலையை அது தின்னவில்லை! ஒரு வாரம் ஊரெல்லாம் சுற்றி, கண்ணில் பட்டதையெல்லாம் துளைத்து, வயிறு வலித்து, கடைசியில் எதைத் தின்றதும் பசி அடங்குகிறது? ஓர் இலையை.

ஞாயிறு தொடங்கி ஞாயிறு வரை; இலை தொடங்கி இலை வரை. நூலின் கட்டமைப்பு இதுதான். அந்த இலை இனிப்புக்கு மாற்றாக வந்த காய்கறி இல்லை. அது புழுவுக்கே உரிய உணவு. தனக்கு உரியது எது என்று தெரிவதற்கு அந்தச் சின்ன உயிர் 15 பழத்தையும் 10 பலகாரத்தையும் தின்று பார்க்க வேண்டியிருந்தது. கருப்பொருளை எழுதச் சொன்னால், "தேடி அலைந்து, தனக்குரியதைக் கண்டடைந்தபின் உயிர் அடுத்த நிலைக்கு மாறுகிறது" என்று எழுதலாம். இதற்குக் கதையிலிருந்தே சான்று காட்ட முடியும். கார்ல் இதை நம்பிக்கையூட்டும் நூல் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கூற்றும் இந்த வாசிப்போடு ஒத்துப்போகிறது.

கூடும் கூட்டுப்புழுவும்

நூலில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கார்லின் புழு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. பிறகு அதைக் கடித்துத் துளையிட்டு வெளியே வருகிறது. நூலால் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சி இனத்தின் வேலை. பட்டுப்புழு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வண்ணத்துப்பூச்சியின் புழு கடைசி முறை தோலுரித்ததும் உள்ளிருந்து வரும் கடினமான உறையே அதன் உடல். அது கட்டிய வீடு அன்று. கடித்து வெளியே வரவும் முடியாது. வளர்ந்த வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பது உறிஞ்சுகுழல்தான். இதைக் கேட்டவர்களுக்குக் கார்ல் சொன்ன பதில் சுவையானது. சிறுவயதில் அவருடைய தந்தை 'கூட்டை விட்டு வெளியே வா' என்று சொல்வாராம். அந்தச் சொல்லின் அழகுக்காக அறிவியலை விட்டுக்கொடுத்தாராம். கூடு கட்டும் வண்ணத்துப்பூச்சி இனம் ஒன்று உண்டு என்றும் சேர்த்துச் சொன்னார்.

தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அந்துப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சேர்த்துக் 'கூட்டுப்புழு' என்ற ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம். அந்தச் சொல்லே ஒரு கூட்டைக் கண்முன் கொண்டுவந்துவிடுகிறது. எனவே தமிழில் பாடம் நடத்தும்போது சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. படத்தையோ பொருளையோ காட்டித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்க வகுப்பறையில் அந்த வேலையை வலைக்கூண்டு செய்கிறது. 'பெயிண்டட் லேடி' என்ற வகைப் புழுக்களைக் குவளையில் உணவோடு வைத்து வளர்ப்பார்கள். சில நாளில் புழு மூடியில் தலைகீழாகத் தொங்கும், தோலுரிக்கும், அசையாமல் கிடக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் பூச்சி வெளிவரும். வெளியே குளிர் விட்டபிறகு பிள்ளைகள் அதைப் பறக்கவிடுவார்கள். அதனால்தான் இது வசந்தகால நடவடிக்கையாயிற்று.

கூண்டைப் பார்த்த பிள்ளை, "டீச்சர், புழு கூடே கட்டலையே!" என்று கேட்டால் அதுதான் அன்றைய பாடத்தின் உச்சம். நூலைத் திறனாய்வு செய்யத் தொடங்கிவிட்டது அந்தப் பிள்ளை. தயவுசெய்து அந்தக் கேள்வியை அடக்கிவிடாதீர்கள்.

இன்னொரு குறையையும் கூண்டு ஈடுகட்டுகிறது. தின்ற ஒரு வாரத்துக்கு நூல் பக்கம் பக்கமாக இடம் தருகிறது; உள்ளே இருந்த இரண்டு வாரத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குக் கடினமானது அந்தக் காத்திருப்புதான். வாசிக்கும்போது அந்த வாக்கியத்தில் நிறுத்துங்கள். "உள்ளே என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டு, உடனே பக்கத்தைத் திருப்பாமல் இருங்கள்.

வசந்தம் இல்லாத ஊரில்

நமக்குப் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. அப்படின்னா இந்த நூல் நமக்கு எதற்கு? நூலைத் தேடிப் பாருங்கள். வசந்தம் என்ற சொல்லே கதைக்குள் கிடையாது. அதில் வரும் பழங்கள்கூட ஒரே பருவத்தில் காய்ப்பவை இல்லை. கதை கணக்கு வைத்திருப்பது கிழமைகளை. வசந்தம் என்ற முத்திரை வெளியிலிருந்து ஒட்டப்பட்டது. அங்கே வானிலை காரணமாக அது பொருந்துகிறது. நாமும் அந்த முத்திரையை அப்படியே ஒட்டிக்கொண்டால், கண்ணால் காணாத பருவத்தைப் பற்றிப் பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுவார்கள்.

நம் பள்ளி வளாகத்தில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால் எந்த மாதத்திலும் இலையைப் புரட்டிப் பாருங்கள். பறவை எச்சம்போல் தெரியும் சின்னப் புழு கிடைக்கலாம். வளர வளரப் பச்சையாக மாறும். அந்தச் செடியின் இலையை மட்டும் போதுமான அளவு கொடுங்கள். பூச்சிமருந்து அடித்த கடை இலை வேண்டாம். ஆப்பிள் துண்டை வைத்தாலும் அது சீண்டாது. கார்லின் கதையில் ஞாயிற்றுக்கிழமை இலை எதற்கு என்று அப்போது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

வகுப்பில் கேட்கச் சில கேள்விகள்:

1. முட்டை இருந்த இடமும் புழு கடைசியாகத் தின்ற உணவும் எப்படித் தொடர்புபடுகின்றன?
2. தர்பூசணி ஏன் சனிக்கிழமைப் பட்டியலில் இருக்கிறது? உன் கருத்து என்ன?
3. கதையில் வரும் கூட்டுக்கும் நீ பார்த்த கூட்டுப்புழுவுக்கும் என்ன வேறுபாடு?
4. புழு முதல் நாளே இலையைத் தின்றிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்?

நான்காவது கேள்வி உயர்நிலைச் சிந்தனைக்கு உரியது. அதற்கு ஒரே விடை கிடையாது. "கதையே இருந்திருக்காது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்கும் முழுப் புள்ளி கொடுங்கள்.