அடியில் தங்கும் இனிப்பு

காலை ஆறரைக்கெல்லாம் தெப்ராவிலிருந்து ஜொகூர் பாருவுக்குள் இறங்கும் நெடுஞ்சாலை திணற ஆரம்பித்துவிடும். பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகிறவர்கள், வங்கிக்கும் அலுவலகக் கோபுரங்களுக்கும் விரைகிறவர்கள், ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள். ஜேபி சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஐந்தே நிமிடத்தில் கடக்கும் அந்த ரயிலுக்கும் தெப்ராவ் என்றுதான் பெயர். நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்குள் நடந்தால் ஜாலான் துருஸ் வரும். அங்கே 1946 முதல் இருக்கிறது ஹுவா முய். ஹைனான் சீனர்களின் கோப்பித்தியாம், அதாவது காப்பிக்கடை. யாருக்கும் அவசரமில்லாதது போலத் தோன்றும் இடம். ஆனால் கோப்பி மட்டும் நொடியில் மேசைக்கு வந்துவிடும்.

அந்த நொடிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1844-இல் தெப்ராவ் ஆற்றங்கரையில் மிளகும் கம்பீரும் பயிரிட வந்த சீனர்களில் தியோச்சூக்காரர்களே அதிகம். ஹைனானியர் பிந்தி வந்தவர்கள். நல்ல வியாபாரங்களையெல்லாம் முன்னே வந்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியது அடுப்படி. வெள்ளைக்காரத் துரை வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களாகச் சேர்ந்தார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடை வாடகை சரிந்தபோது அந்தக் கைப்பழக்கத்தையே முதலாக்கித் தனிக்கடை போட்டார்கள். கோப்பித்தியாமில் ரொட்டியும் சிக்கன் சாப்பும் கிடைப்பது இதனால்தான். துரை மேசையின் சாப் அது. சுவை மட்டும் துரைக்குச் சொந்தமில்லை.

கொட்டையும் உயர்ந்த ரகமில்லை. பெரும்பாலும் ரொபஸ்டா, கசப்பு கூடுதல், காஃபீனும் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. வறுத்து முடிக்கும் நேரத்தில் சீனியும் மார்ஜரீனும் சேர்ப்பார்கள். சீனி கருகிக் கொட்டையின் மேல் கறுப்புப் பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். கும்பகோணத்துக்காரர் சிக்கரி கலந்தது போன்ற சாமர்த்தியம்தான் இது. இரண்டையும் பார்த்து முகம் சுளிக்கும் தூய்மைவாதிகள் உண்டு. அவர்கள் இழப்பதைப் பற்றி அவர்களே கவலைப்படட்டும்.

வேலை நடப்பது துணி வடிகட்டியில். நீண்ட கைப்பிடியில் தொங்கும் பை அது. பழகப் பழகக் கோப்பியின் நிறமே அதற்கும் ஏறிவிடும். தூளின் மேல் கொதிநீர் ஊற்றி, ஊறவிட்டு, நீண்ட மூக்குள்ள குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வடிப்பார் கோப்பி போடுபவர். தடித்த பீங்கான் கிண்ணத்தை முதலில் சுடுநீரால் சூடாக்குவார். அடியில் கெட்டிப்பால், மேலே டிகாஷன், கடைசியாகச் சுடுநீர். அவர் கலக்க மாட்டார். அதுதான் மரியாதை. எவ்வளவு இனிப்பை அடியிலேயே விட்டுவைப்பது என்பது குடிக்கிறவரின் கரண்டி முடிவு செய்வது. நம்மூர் டவரா டம்ளரில் நுரை எழ ஆற்றித் தருபவர் எல்லாவற்றையும் தானே தீர்மானித்துவிடுகிறார்.

கையைவிட நுணுக்கமானது காது. 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் போட்டது. 'ஓ' என்றால் பாலில்லாதது, ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு. 'சி' என்றால் ஆவியாக்கிய டின் பால். அந்த எழுத்து கார்னேஷன் என்ற பால் பெயரிலிருந்து வந்தது என்பார் சிலர். ஹைனான் மொழியில் 'புதியது' என்ற சொல்லே அது என்பார் மற்றவர். 'காவ்' கெட்டி, 'பெங்' ஐஸ். 'கொசொங்' மலாய், வெறுமை, அதாவது சீனி இல்லை. 'கோப்பி ஓ கொசொங் பெங்' என்று ஒரு தமிழர் கேட்கும்போது நான்கே சொல்லில் மலாயும் ஹொக்கியனும் மாறி மாறி வந்துவிடுகின்றன. அவர் அதைத் தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். நினைப்பதில் தவறில்லை.

கோப்பித்தியாமுக்கு லண்டனில் ஓர் உறவுக்காரக் கடை உண்டு. கார்ன்ஹில்லுக்கும் லொம்பார்ட் தெருவுக்கும் நடுவே வங்கிகள் நெருக்கும் புனித மைக்கேல் சந்தில் இருக்கும் ஜமைக்கா வைன் ஹவுஸ் என்ற சிறு பப். 1652-இல் பாஸ்குவா ரோஸே என்பவர் லண்டனின் முதல் காப்பிக்கடையைத் திறந்தது அந்த இடத்தில்தான். காப்பி போய் அங்கே பியர் வந்துவிட்டது. மலேசியாவில் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கின்றன: பல கோப்பித்தியாம்களில் காலையில் அரைவேக்காட்டு முட்டை வைத்த மேசைக்கே அந்தியில் பியர் போத்தல் வரும். ஹுவா முய்யின் சிறப்பு வேறு. பன்றி இறைச்சி இல்லாததால் மலாய்க்காரரும் தமிழரும் சீனரும் ஒரே கூடத்தில் பசியாறுகிறார்கள்.

அங்கிருந்து சில தப்படியில் ஜாலான் டோபி. வெளுப்பவர்களின் பெயர் தாங்கிய தெரு. 1937 முதல் அங்கே இந்திய முஸ்லிம் குடும்பத்தின் சலாஹுடின் பேக்கரி விறகு அடுப்பில் ரொட்டி சுடுகிறது. பக்கத்துத் தெருவில் 1919 முதல் ஹியாப் ஜூ வாழைப்பழக் கேக். அதுவும் விறகு அடுப்புதான். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் புதிய எல்லை ரயிலின் தூண்கள் புக்கிட் சாகாரில் நிற்கின்றன.

கோப்பியைக் கட்டிக்கொண்டு போவதென்றால் இன்று நெகிழிப்பை, கயிறு, உறிஞ்சுகுழல். முன்பு காலியான கெட்டிப்பால் டின்னிலேயே ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுப்பார்கள். டின்னின் அடியில் ஒட்டிய பாலும் சேர்ந்து வரும். தோட்டத்தில் பால்மரம் சீவி வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால், விரல் சுடச்சுட அந்தக் கயிற்றைத் தூக்கி நடந்த வழியைக்கூடச் சொல்வார்கள்.