புலால் மறுத்தலும் விருந்தோம்பலும்

திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல். முன்னது துறவறவியலில், பின்னது இல்லறவியலில். இரண்டையும் இணைத்துப் படிப்போர் எத்தனை பேர்?

அருள் நெஞ்சால் ஊனைத் துறந்த இளைஞன், அக்காள் வீட்டுக் கறிவிருந்தில் முகஞ்சுளித்து எழுகிறான். ஆக்கிப் படைத்தவள் கண் கலங்குகிறாள். ஆட்டுக்கு இரங்கியவன் உடன்பிறந்தவளுக்கு இரங்கவில்லையே! இதுவா அறம்?

ஆயிரம் வேள்வியினும் ஓர் உயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்றார் வள்ளுவர். சடங்கின் தலையில் விழுந்த சம்மட்டி அடி அது! தின்போர் இல்லையேல் விற்போரும் இல்லை என்றார். அது சாத்திரம் அன்று. காரண காரிய விளக்கம். ஊன் உண்டால் நரகம் என்று அச்சுறுத்தும் குறளும் அதே அதிகாரத்தில் உண்டு. அதனை நாம் ஏற்க வேண்டியதில்லை. அச்சத்தால் விளைவது அருள் ஆகுமா?

முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினர் வாடுவர் என்று அனிச்ச மலரைக் காட்டியவரும் அவரே. விருந்தினன் முகம் திரிந்தால் விருந்திட்டவள் வாடமாட்டாளா?

"இறைச்சி உண்போருக்கு வீடில்லை" என்போர் சென்னையில் இன்றும் உளர். அது அருள் அன்று. சாதி ஆணவம் பூண்ட சைவ வேடம்! அருளாளனின் மறுப்பு அந்த வேடத்தின் நிழலிலும் ஒதுங்கலாகாது.

தோழனே, ஊனை மறு, உறவை மறுக்காதே. அதே பந்தியில் அமர்ந்து, சோறும் மோரும் கேட்டு மகிழ்ந்து உண். அக்காளும் வற்புறுத்தாது, தம்பிக்கென ஒரு கூட்டு வைக்கட்டும். அறம் அங்கே வாழும்!