உரையா? இடைச்செருகலா?

பழங்கட்டடத்தின் அருகே புதுப்பகுதி எழுப்புதல், பழநூலுக்கு உரை வரைதலை ஒக்கும். மூலத்தை மறைக்கும் உரை நல்லுரை ஆகாது. மூலத்தின் நடையைப் போலிசெய்து அதனுள் புகுந்துகொள்வதோ உரையே அன்று, இடைச்செருகல். 1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அறிஞர்கள் வகுத்த சாசனமும் இதனையே வற்புறுத்துகின்றது. புதியது தன் காலத்து முத்திரையைத் தாங்க வேண்டும். பழையதன் அழகையும் சூழலையும் குலைத்தலாகாது என்பன அதன் கருத்து.

இவ்விதியை உரைத்துப் பார்க்க நல்லதோர் எடுத்துக்காட்டு, ஜொகூர் நீரிணைக்கு அப்பால் உள்ள சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகம். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1887இல் திறக்கப்பெற்ற அக்கட்டடத்தின் பின்னே, 1907இல் ஏறத்தாழ அதே சாயலில் மற்றொரு பகுதி எழுந்தது. இருபதே ஆண்டு இடைவெளி. கட்டும் முறையும் பெரிதும் மாறவில்லை. ஆதலின் அச்சாயல் இயல்பாயிற்று. நூறாண்டு கழிந்தபின் அதையே மீண்டும் செய்திருப்பின், அது வேடம் புனைதலாக முடிந்திருக்கும்.

2006 டிசம்பரில் திறக்கப்பெற்ற புதுப்பகுதியை வடிவமைத்தவர் குழுவிற்குத் தலைமை தாங்கிய மோக் வெய் வெய் அவ்வேடத்தை நாடவில்லை. எஃகும் கண்ணாடியும் கொண்டு, கட்டடத்தின் பின்புறத்தே, ஃபோர்ட் கேனிங் குன்றின் பக்கமாகப் புதியதை அமைத்தார். அதில் ஒரு பகுதி நிலத்தின் கீழ் அடங்கியது. சாலையில் நின்று நோக்குவார்க்கு முதற்கண் தோன்றுவது இன்றும் பழைய கவிகை மாடமே. பழையதும் புதியதும் கூடுமிடத்தில் கண்ணாடிக் கூரையிட்ட வழி ஒன்று உண்டு. அதில் நிற்போர், முன்பு கீழிருந்து சரிவரக் காண இயலாத கவிகையின் புறத்தை அண்மையில் காண்பர். மூலத்தின் பொருளை விளக்கும் நல்லுரை என்பது இதுவே. பின்னுள்ள வட்டக் கண்ணாடிக் கூடமோ, கவிகையின் வட்டத்திற்கு மறுமொழி கூறுவது போல நிற்கின்றது.

குறையும் உண்டு. உள்ளும் புறமும் ஒன்றையொன்று காணவே கண்ணாடி இடப்பட்டது. 2016இல் அவ்வட்டக் கூடத்தில் ஒளிப்படக் காட்சி வைக்கப்பட்டபோது உள்ளே இருள் தேவையாயிற்று. கண்ணாடியின் பயன் குன்றியது. கட்டியவர் கருத்தைப் பின்னர் ஆள்வோரும் உணர்தல் வேண்டும்; இன்றேல் நல்ல அமைப்பும் பொருளிழக்கும்.

இவை யாவும் மேலைநாட்டார் நமக்குக் கற்பித்தவை அல்ல. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றிலேயே நாயக்கர் காலத்துச் சுப்பிரமணியர் கோயில் நிற்கின்றது. சோழர் சிற்பத்தை அது போலிசெய்யவில்லை. தன் காலத்து நுண்வேலைப்பாட்டையே காட்டுகின்றது. விமானத்தோடு உயரத்தில் போட்டியிடவும் இல்லை. ஒருபுறம் ஒதுங்கி, அளவில் சிறுத்து, அழகில் நிறைந்து விளங்குகின்றது.

ஜொகூர் பாருவுக்கு இந்நெறி ஏட்டுச்செய்தி அன்று. 1940இல் நிறைவெய்திய சுல்தான் இப்ராகிம் கட்டடம், அரசுச் செயலகம் கோத்தா இஸ்கண்டாருக்கு மாறியபின்னும், புக்கிட் திம்பாலான் மேல் நகரின் அடையாளமாக நிற்கின்றது. அதன் அண்மையில் ஜாலான் உங்கு புவான் கடைத்தெருவும் ராஜமாரியம்மன் கோயிலும் உள்ளன. அப்பகுதியில் நூலகமோ மன்றமோ விரிவுபெறுமாயின், கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: புதியது எங்கே நிற்கும்? எவ்வளவு உயரும்? பழையதைப் பற்றி என்ன உரைக்கும்?

இவ்வினாக்களைப் பொறியாளர்க்கும் ஆட்சியாளர்க்கும் மட்டும் விட்டுவிடல் தகாது. மூலம் எது, உரை எது, இடைச்செருகல் எது எனப் பிரித்தறியும் பயிற்சி தமிழாசிரியர்க்கு உண்டு. அப்பயிற்சியை ஏட்டோடு நிறுத்தாமல், மாணவர் நாளும் நடக்கும் தெருவிற்கும் கொண்டுசெல்லுதல் வேண்டும். தான் வாழும் ஊரைப் படிக்கக் கற்ற தலைமுறையே, அவ்வூர் சிதையுங்கால் வாய்திறந்து கேட்கும்.