பாடுகிறவரின் முகம்: தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் தொடங்கிவைத்த அலை

தமிழ்த் திரைப்பாட்டில் பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் இன்னொருவர். 1930களின் இறுதியில் பின்னணி பாடும் முறை வந்ததிலிருந்து நம் கண்ணும் காதும் இதற்குப் பழகிவிட்டன. 1990களில் தேவாவின் இசையில் கானா திரைக்குள் பரவலாக வந்தபோதும் பாட்டின் முகம் கதாநாயகனுடையதாகவே இருந்தது. ‘சித்திரம் பேசுதடி’யில் (2006) கானா உலகநாதன் தானே தோன்றிப் பாடியதை ஊரே கொண்டாடியதற்கு, அப்படி ஒரு காட்சி அரிதாக இருந்ததும் ஒரு காரணம்.

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இந்த வழக்கத்தை மாற்றியது. அந்தக் குழுவின் தொடக்கப் பாடல்களையும் காணொளிகளையும், அவற்றிலிருந்து கிளைத்தவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. அவற்றின் அரசியல் வரிகளில் மட்டும் இல்லை. யார் பாட்டோ அவர் முகம் காட்டிப் பாடினார் என்பதிலும் இருக்கிறது.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சிந்தனையிலிருந்து பெயர் எடுத்தார்கள். முதல் மேடையில் 19 பேர். கானாப் பாடகர்கள், ராப் பாடகர், கிட்டார், டிரம்ஸ், இவற்றோடு பறை, சட்டி, தவில், கட்ட மோளம். எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு அணிந்திருந்தார்கள். அம்பேத்கர் சிலை நிற்கும் எந்த ஊர்க்காரருக்கும் அந்த உடை என்ன சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

இசையாகப் பார்த்தால் இது எளிய சேர்க்கை இல்லை. கிட்டாரின் சுருதி நிலையானது. பறையின் தோல் ஈரக்காற்றில் தொய்யும், தீயில் காய்ச்சினால் இறுகும். அடிக்குச்சியும் சுண்டுகுச்சியும் எழுப்பும் ஒலியின் நுணுக்கம் மேற்கத்திய டிரம்ஸின் பக்கத்தில் அமுங்கிப்போகக்கூடும். பறையை நடுவில் ஓரிடத்தில் நாலு அடி அடிக்கவிட்டு ‘நாட்டுப்புற மணம்’ சேர்ப்பது திரையிசையில் நாம் அடிக்கடி கேட்டது. இந்தக் குழுவில் பாட்டின் நடையே தோற்கருவிகளிலிருந்து பிறக்கிறது.

பாடல்கள் ஒவ்வொன்றும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டவை: இட ஒதுக்கீடு, வடசென்னை, ஜெய்பீம் முழக்கம், மாட்டுக்கறி. இவற்றில் மாட்டுக்கறி பின்னர் சென்னைக்கு வெளியேயும் கேள்வியானது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றானதும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. விழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. சென்னை மேடையில் பாடப்பட்ட உணவுப் பாட்டு பாலாற்றங்கரைக்கும் உரியது என்பதை நான்கு ஆண்டுகளில் நடப்பே காட்டிவிட்டது.

முகம் காட்டிப் பாடியதற்கு விலையும் உண்டு. சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018இல் கோயில் நுழைவை முன்வைத்து இசைவாணி பாடிய பாட்டு அதற்குச் சான்று. தொடக்கக் குழுவில் இருந்த ஒரே பெண் அவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே பாட்டுக்காக 2024இல் அவர்மீது புகார்கள் கிளம்பின. பின்னணிப் பாடகியாக இருந்திருந்தால் கோபம் படத்தின்மேல் போயிருக்கும். இங்கே பாடியவரைத் தேடி வந்தது.

உலக இசை வரலாற்றில் இதற்கு நெருங்கிய உறவு இங்கிலாந்தின் கார்த் தொழில் நகரமான கோவென்ட்ரியில் பிறந்த தி ஸ்பெஷல்ஸ். புதிய அலை இசை எழுந்த காலத்தில், 1979இல் ‘கேங்ஸ்டர்ஸ்’ என்ற முதல் தனிப்பாடலை வெளியிட்ட குழு அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சூட்டு அணிந்து நின்றார்கள். வேலையிழந்து வெறிச்சோடிய ஊர்களைப் பற்றிய ‘கோஸ்ட் டவுன்’ 1981இல் அந்நாட்டில் முதலிடம் பிடித்தது; ஆளில்லாத லண்டன் தெருக்களில் குழுவினர் காரில் போவதுதான் காணொளி. வெற்றியின் உச்சியிலேயே மூவர் விலகினார்கள். கூட்டாகப் பிறக்கும் இசையில் பெயரும் பங்கும் எங்கும் சிக்கலானவைதான்.

இங்கே அந்தச் சிக்கல் ராப் பாடகர் அறிவின் வழியாக வந்தது. பழைய வேலூர் மாவட்டத்தின் அரக்கோணத்தில் பிறந்த அவர், குழுவில் ராப் பாடியபடியே, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. பாடகி தீயும் அறிவும் பாட, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளிவந்த பாட்டு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய, அறிவின் பாட்டி வள்ளியம்மாவின் நினைவு அதன் வேர். சில மாதங்களில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்தபின் அவருக்குத் தனி அட்டை வந்தது. பாட்டை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் 2022இல் மீண்டும் மூண்டது. அதைக் கலைஞர்களுக்குள் நடந்த மனத்தாங்கல் என்று ஒதுக்கியவர்கள் இந்த அலையின் அடிப்படையையே தவறவிட்டார்கள். பாட்டு யாருடையது? 2018 மேடை கேட்ட கேள்வியும் அதுதான். 2024இல் அறிவு தம் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயரிட்டு அதற்குத் தம் பதிலைச் சொன்னார்.

இந்தக் கேள்வியின் கனம் ஆம்பூரை அடுத்த மாதனூர்ப் பக்கத்தில் இன்னும் நன்றாகப் புரியும். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் தைக்கப்படும் ஷூ வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் கடை ஏறுகிறது. தைத்த பெண்ணின் பெயர் அதில் எங்கும் இல்லை. தோலைத் தொட்டதால் இழிவும், அந்தத் தோலால் ஆன பொருளுக்கு மதிப்பும் என்ற இரட்டைக் கணக்கு பறைக்கும் செருப்புக்கும் பொது.

2020 முதல் நீலம் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’ இந்தக் கலைஞர்களுக்கு மேடை தந்தது. அடுத்த வேலை பதிவில் இருக்கிறது. வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் சாவு வீட்டிலும் திருவிழாவிலும் அடிக்கிறவர்களின் அடவுகளை அவர்கள் பெயரோடும் உரிமையோடும் பதிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு காணொளியின் கீழும் பறை அடித்தவர், சட்டி அடித்தவர், மெட்டுப் போட்டவர் பெயர் எழுதப்பட வேண்டும். வருமானத்தில் பங்கு ஒப்பந்தமாக வேண்டும். இனி வரும் பாட்டு எத்தனை கோடிப் பேரைச் சென்றடைந்தாலும், அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தே அது இந்த அலையைச் சேர்ந்ததா என்று முடிவுசெய்வேன்.