‘ஹாபி’க்கு அடுத்த கேள்வி

தேனி மாவட்டத்தில் உள்ள பொட்டிபுரத்தின் பெயரை வெளியூர்க்காரர்கள் நியூட்ரினோவோடு சேர்த்துத்தான் அறிவார்கள். அங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. யாரும் பாடம் நடத்தாமலேயே அந்தச் சொல் ஊருக்குள் புழங்கத் தொடங்கியது. மலைக்கு என்ன ஆகும், தண்ணீருக்கு என்ன ஆகும் என்று கேட்டே ஆகவேண்டிய நிலையில் மக்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். பக்கத்திலுள்ள போடியில் ஏலக்காய் வியாபாரிகள் லாட், சாம்பிள், கிரேடு, போல்டு என்று நாள் முழுக்கப் பேசுகிறார்கள். தேவை இருக்கும் இடத்தில் ஆங்கிலச் சொல் தானாக நாக்கில் வந்து உட்காருகிறது.

பொழுதுபோக்கு பற்றிப் பேச நம் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தரும் முறையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பட்டியல் இருக்கும்: ரீடிங், கார்டனிங், ஸ்டாம்ப் கலெக்ஷன், ஸ்விம்மிங், ஸ்கேட்டிங். அதோடு ஒரு வாக்கியம்: ‘மை ஹாபி இஸ்…’ கோடிட்ட இடத்தைப் பிள்ளைகள் நிரப்பி, மனப்பாடம் செய்து, ஒவ்வொருவராக எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடக்கிறது.

இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வீட்டில் ஆங்கிலம் கேட்டே பழகாத பிள்ளைக்கு, தப்பில்லாமல் சொல்லி முடிக்க முழுதாக ஒரு வாக்கியம் கிடைப்பது பெரிய காரியம். நாலு பேர் முன்னால் வாய் திறந்துவிட்டோம் என்ற தைரியம் அதிலிருந்துதான் வருகிறது. பட்டியல் ஆசையையும் தூண்டும். போடியில் தபால்தலை சேகரிக்கும் பையன் இருக்கக் கூடாதா? ஏலத்தோட்டச் சரிவில் பறவை பார்க்கக் கிளம்பும் பெண் இருக்கக் கூடாதா? ஊரில் இல்லாததைப் பிள்ளை ஆசைப்படுவதற்கும் ஒரு சொல் வேண்டும்.

இந்த முறை சறுக்குவது இரண்டாவது கேள்வியில். கல்லூரி முடித்து வேலைக்கான நேர்முகத் தேர்வில் உட்காரும் இளைஞர் ‘ரீடிங் புக்ஸ்’ என்கிறார். ‘கடைசியாக என்ன படித்தீர்கள்? எது பிடித்தது?’ என்று எதிரே இருப்பவர் கேட்டதும் பேச்சு நின்றுபோகிறது. காரணம் எளிது. பட்டியல் முழுக்கப் பெயர்ச் சொற்கள். பேச்சை நடத்துவதோ வினைச் சொற்களும், அடுத்து என்ன, ஏன் என்று கோத்துச் சொல்லும் பழக்கமும். அந்த இரண்டையும் நாம் கொடுக்கவில்லை.

கிட்டிப்புள் விளையாடும் ஒரு பையனை அந்த ஆட்டத்தை ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லிப் பாருங்கள். தரையில் குழி, அதன்மேல் சின்னக் குச்சி, பெரிய குச்சியால் நெம்பித் தூக்குவது, அடிப்பது, எதிரணிக்காரன் பிடிப்பது, தூரத்தை அளப்பது. இதற்கு டிக், புட், லிஃப்ட், ஹிட், கேட்ச், மெஷர் என்ற ஆறு வினைகள் போதும். ஆறுமே அவன் பாடப் புத்தகத்தில் எங்கோ படித்தவைதான். ஆட்டம் அவனுடையது என்பதால் வரிசை தவறாது. கேள்வி கேட்டாலும் பதில் இருக்கும். ‘அது அவுட் இல்லை’ என்று சண்டையே போடுவான். மொழி ஒட்டிக்கொள்ளும் இடம் அந்தச் சண்டைதான்.

ஆனால் நம் வகுப்பறையில் கிட்டிப்புள், சிலம்பம், ஆட்டுக்குட்டி வளர்ப்பு எதுவும் ‘ஹாபி’ என்று சொல்லிக்கொள்ளும் தகுதி பெறுவதில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா பிள்ளைகளுக்கு மேடை கொடுத்து, கலையரசன், கலையரசி என்று பட்டமும் கொடுக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் அந்த மேடையும் ஆங்கில வகுப்பும் ஒன்றையொன்று தெரிந்துகொள்வதே இல்லை. மேடையில் ஆடிப் பரிசு வாங்கிய பிள்ளை மறுநாள் வகுப்பில் எழுந்து ‘கார்டனிங்’ என்று ஒப்பிக்கும் நிலையை நாம்தான் வைத்திருக்கிறோம். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு. பேச்சுக்கு அதில் இடமே இல்லாதபோது ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் கூடுதல் கவலை. பொழுதுபோக்கு என்றால் முதலில் பொழுது வேண்டும். விடியும் முன்பே ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் அம்மா திரும்பும்வரை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளையிடம் ‘உன் ஹாபி என்ன?’ என்று கேட்டால் அவள் பொய்தான் சொல்ல வேண்டும். ‘பள்ளி விட்டதும் என்ன செய்வாய்?’ என்று கேட்டால் உண்மை வரும், கூடவே பத்து வாக்கியமும் வரும். மிச்சமிருக்கும் விளையாட்டுப் பாடவேளையையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கிவிடுகிறோம். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே அப்படிச் செய்யாதீர்கள் என்று மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பட்டியல் இருக்கட்டும், ஆனால் அது இரண்டாவதாக வரட்டும். பிள்ளை நேற்று உண்மையில் செய்ததைத் தமிழிலேயே முதலில் சொல்லட்டும். அதற்கு வேண்டிய வினைச் சொற்களை மட்டும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவன் கேள்வி கேட்கட்டும். ஆங்கில ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள், அதை விளையாட்டுப் பாடவேளையிலிருந்து எடுக்காதீர்கள்.