நின்றே தேயும் கார்

2010 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 255 குதிரைத்திறன், ஏழு கியர் பிடிகே. சென்னைப் பதிவு. ஓடோமீட்டரில் 14,000 கிலோமீட்டர்கூட இல்லை. நாளை விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தின் முதல் வரியே அந்த எண்ணாகத்தான் இருக்கும். சில மாதங்கள் இந்தக் காரை என் பொறுப்பில் வைத்து ஓட்டியும் பராமரித்தும் பார்த்துவிட்டேன். இப்போது அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

உரிமையாளர் நீலாங்கரைக்காரர். ஆண்டில் பாதி நாள் வெளிநாட்டில் இருப்பவர். "சும்மாதான் சார் நிக்குது, எடுத்து ஓட்டிப் பாருங்க" என்று சாவியோடு பில்கள் அடங்கிய தடிமனான கோப்பையும் கொடுத்தார். காரைவிடக் கோப்புதான் சுவாரசியம் என்பது போகப் போகத் தெரிந்தது.

முதலில் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலை கொஞ்சம் விரியும் இடத்தில், கூரையை மடித்துவிட்டு ஓட்டினால் இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு பேர் ஏங்குகிறார்கள் என்று புரிந்துவிடும். எஞ்சின் முதுகுக்குப் பின்னால், இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது. வளைவில் மூக்கு தயங்காமல் திரும்புகிறது. ஸ்டீயரிங் ஹைட்ராலிக் வகை. சாலையின் சொரசொரப்பு கைக்கு வந்து சேர்கிறது. அடுத்த தலைமுறையில் மின்சார ஸ்டீயரிங் வந்தபோது ரசிகர்கள் முணுமுணுத்தது நியாயம்தான். ஊருக்குள் ஸ்பீடு பிரேக்கரைக் கண்டால் மட்டும் வயிற்றைக் கலக்குகிறது. குறுக்காக, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் தப்பலாம். ஓட்டுவதற்கு இது இன்றும் அருமையான கார். சிக்கல் எல்லாம் நிறுத்திய பிறகு தொடங்குகிறது.

எந்தக் காரின் சர்வீஸ் அட்டவணையிலும் இரண்டு கணக்கு இருக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது. தினமும் அலுவலகம் போகிறவருக்குக் கிலோமீட்டர்தான் முந்தும். மாதக் கணக்கு அவர் கண்ணில் படுவதே இல்லை. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு அது தலைகீழ். எஞ்சின் ஆயிலை ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். இந்த எஞ்சின் ஏழெட்டு லிட்டர் குடிக்கும். பிரேக் ஆயிலுக்கு இரண்டு ஆண்டு, ஸ்பார்க் பிளக்குக்கு நான்கு ஆண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு வண்டி ஓடியதா நின்றதா என்பது தெரியாது. பாக்ஸ்டரில் திறந்து பார்க்க வழக்கமான பானெட்டும் கிடையாது. பிளக் மாற்ற வேண்டுமானால் லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரங்களைக் கழற்றிப் பக்கவாட்டில் கைவிட வேண்டும். மாருதியில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இங்கே பாதி நாள் கூலி.

டயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கார் என்னிடம் வந்தபோது நான்கு டயரிலும் பட்டன் அப்படியே இருந்தது; தொட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் "புதுசு மாதிரி இருக்கே" என்றார்கள். பக்கச் சுவரைக் குனிந்து பார்த்தால் முட்டை வடிவக் கட்டத்துக்குள் 2315 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர்! ஆறு ஆண்டு தாண்டிய டயரை நம்பி இப்படிப்பட்ட காரை வேகமாக ஓட்டக் கூடாது என்பது பொதுவாக எல்லோரும் ஏற்கும் விதி. ரப்பர் இறுகிவிடும்; காய்ந்த சாலையில் தெரியாது, முதல் மழையில் தெரியும். போதாததற்கு, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதில் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிப்போய், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் வழியாக ஒரு மெல்லிய நடுக்கம். போர்ஷே தனக்கென்று சோதித்து ஒப்புதல் தந்த டயர்களில் 'என்' என்ற எழுத்தோடு ஓர் எண் பொறித்திருப்பார்கள். நம் ஊரில் அந்தக் குறியுள்ள டயரைத் தேடிப் பிடிக்க அலைய வேண்டும். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. நான்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. தேயாத டயருக்கு ஒன்றரை லட்சம் கொடுப்பது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

அடுத்தது பேட்டரி. பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், சாவி உணரி, கடிகாரம் எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் பேட்டரி இறங்கிவிடும். இந்தக் காரில் பேட்டரி இருப்பது முன்பக்க டிக்கியில். அந்த டிக்கியைத் திறப்பதோ மின்சாரப் பூட்டு. பேட்டரி செத்தால் பேட்டரியை எட்ட முடியாது! இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கால் வைக்கும் இடத்தருகே உள்ள ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு பாசிட்டிவ் முனை இருக்கிறது, அதில் வெளி பேட்டரியைச் சேர்த்தால் பூட்டு திறக்கும். தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் கதவைப் பெயர்க்கப் பார்ப்பார். இதையெல்லாம் தவிர்க்க, சுவர் பிளக்கில் மாட்டி வைக்கும் டிரிக்கிள் சார்ஜர் ஒன்று போதும். பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிகிற அந்தப் பொருளை வாங்க, இத்தனை லட்சம் போட்ட பலருக்கு மனம் வருவதில்லை.

அதற்குப் பதிலாக நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ச்மேனோ டிரைவரோ வந்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவார். எஞ்சினுக்கு நல்லது என்று நம்பிக்கை. உண்மையில் இது பாலைக் காய்ச்சாமல் வெதுவெதுப்பாக்கி இறக்கி வைப்பதைப் போன்றது. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஆயில் முழுச் சூட்டை எட்டினால்தான் அந்த ஈரம் வெளியேறும். பத்து நிமிட ஐடிலிங்கில் ஆயில் அந்தச் சூட்டை நெருங்கவே செய்யாது. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும், சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும். இறங்கிய பேட்டரியை நிரப்பவும் அந்தப் பத்து நிமிடம் போதாது. ஓட்டினால் நாற்பது நிமிடமாவது சாலையில் ஓட்ட வேண்டும். முடியாவிட்டால் சார்ஜரை மாட்டிவிட்டுச் சாவியைத் தொடாமல் இருப்பதே மேல்.

நாளாக நின்றுவிட்டுக் கிளம்பும்போது பின்னால் நீலப் புகை எழும்பினால் பதற வேண்டாம். இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் கொஞ்சம் ஆயில் உள்ளே கசிந்து, ஸ்டார்ட் ஆனதும் எரிந்துவிடும். புகை நிற்காமல் வந்தால்தான் கவலை. உண்மையான கவலை 2008 வரை வந்த பாக்ஸ்டர்களில் இருக்கிறது. அவற்றின் எஞ்சினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் என்ற இடைத்தண்டின் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும்; அமெரிக்காவில் வழக்குவரை போன விவகாரம் இது. அடிக்கடி ஓடி, அடிக்கடி ஆயில் மாற்றிய கார்களைவிட, நின்றே கிடந்த கார்களில்தான் இந்தப் பேரிங் அதிகம் கெடுகிறது என்பது இந்த எஞ்சின்களைப் பிரித்துப் பழகிய வல்லுநர்களின் அனுபவம். 2009 முதல் வந்த எஞ்சினில் அந்தத் தண்டே இல்லை. என்னிடம் வந்த கார் அந்த வகை என்பதால்தான் நிம்மதியாக ஓட்டினேன்.

ஃபெராரிக்காரர்கள் இதைவிடக் கடுமையான பாடம் படித்தவர்கள். 1990-களின் எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். பெல்ட் ரப்பர், ஓடாவிட்டாலும் சில ஆண்டுக்கொரு முறை மாற்றியே ஆக வேண்டும். அடுத்து வந்த 360-இல் இருக்கைக்குப் பின்னால் மூடியைக் கழற்றிக் கைவிட வழி செய்தார்கள். 2004-இல் எஃப்430-க்குச் சங்கிலியே போட்டுவிட்டார்கள். இப்போது புது ஃபெராரிக்கு ஏழு ஆண்டுப் பராமரிப்பை விலையோடு சேர்த்தே தருகிறார்கள்.

சென்னை தன் பங்குக்குச் சேர்ப்பது தனி. ரேடியேட்டர்கள் முன்மூக்கில், பெரிய துளைகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே வேப்பிலையும் சருகும் சேர்ந்து, உப்புக்காற்றில் நனைந்து, ஏசி கண்டென்சரை அரிக்கும். ஆண்டுக்கொரு முறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். கூரையின் ஓரத்தில் மழைநீர் வடியும் துளைகளும் சருகால் அடைத்துக்கொள்ளும். இதற்கு முந்தைய தலைமுறை பாக்ஸ்டரில் அலாரத்தை நடத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் தேங்கினால் காரே உங்களை யார் என்று கேட்கும். எலியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெருமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அடித்தளப் பார்க்கிங்கில் இவ்வளவு தாழ்ந்த காரை வைத்திருப்பவர் முதல் ஆளாகக் கிளம்ப வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தால் கிளம்பவும் முடியாது.

பெட்ரோலும் இப்போது நிற்கும் காருக்கு எதிரி. பங்க்குகளில் கிடைக்கும் இ20-இல் உள்ள எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். 2010-இல் செய்த கார் இந்தக் கலவைக்காகச் செய்ததல்ல. நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன் எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோலால் டேங்கை நிரப்புவது நல்லது. விலை சாதாரணப் பெட்ரோலைப்போல் ஒன்றரை மடங்கு, டேங்க் 64 லிட்டர்.

கோப்பைப் பிரித்துத் தோராயமாக ஆண்டுக் கணக்குப் போட்டேன். ஆயில் சர்வீஸும் சில்லறை வேலைகளும் 55,000. இன்சூரன்ஸ் 70,000, அதில் மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 7,897. டயரை ஆறு ஆண்டுக்குப் பகிர்ந்தால் 25,000. பேட்டரி, பிளக், பிரேக் ஆயில் பங்கு 20,000. ஆக மொத்தம் 1,70,000. ஆண்டுக்கு 900 கிலோமீட்டர் என்றால், பெட்ரோல் போடாமலேயே கிலோமீட்டருக்கு 190 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இதே காரை 6,000 கிலோமீட்டர் ஓட்டினால் மொத்தச் செலவு பத்திருபதாயிரம் ஏறும். கிலோமீட்டருக்கு முப்பது ரூபாயைச் சுற்றி வரும். இது போக, பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். இறக்குமதி செய்த நான்கு சக்கர வண்டிக்கு 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் 40,000 ரூபாய்.

"ஓட்டினால் விலை போய்விடுமே" என்றார் உரிமையாளர். மிஸ்டர் பீனாக நாம் அறிந்த ரோவன் அட்கின்சன் 1997-இல் ஒரு மெக்லாரன் எஃப்1 வாங்கினார். கடைக்குப் போக வர ஓட்டி, இரண்டு முறை மோதி, 41,000 மைல் ஓடிய பிறகு 2015-இல் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். பாக்ஸ்டர் மெக்லாரன் ஆகாதுதான். ஆனால் பாக்ஸ்டருக்குக் காப்பாற்றிவைக்கும் அளவுக்கு அபூர்வ விலையும் இல்லை. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அது இறங்கத்தான் போகிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்களுக்கு என் சிபாரிசு: 70,000 கிலோமீட்டர் ஓடி, ஆண்டுதோறும் பில் உள்ள காரை, 14,000 ஓடிப் பாதி ஆண்டுகளுக்குப் பில் இல்லாத காரைவிட மேலாக மதியுங்கள். முதலில் டயரின் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். பிறகு பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் மற்ற வேலைகளும் அப்படித்தான் நடந்திருக்கும். காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள்; நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியையும் ரேடியேட்டர் மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும் மாற்றும் செலவை, அவை புதிதாகத் தெரிந்தாலும், விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். லிஃப்டில் ஏற்றச் சம்மதிக்காதவரிடம் விலையே பேச வேண்டாம்.